ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக் கடனை வசூலிக்க முடியுமா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் நண்பருக்கு 3 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். 2 லட்சம் வங்கி வழியாக, மீதி ரொக்கம். புரோநோட் எழுதவில்லை. "தீபாவளிக்குள்ள மூணும் செட்டில் பண்ணிடறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அதைக் கணினியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது, "அது நீயே செஞ்ச படம்" என்கிறார். கோர்ட்டில் செல்லுமா? பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் யோசிக்கிறேன்.
- வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்த போனைக் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கே அதற்குள்தான் இருக்கிறது. கணினியில் எடுத்தது நகல்தான்.

நண்பர் சொல்வதைக் கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, எஃப்12 தட்டி, திரையில் தெரியும் எழுத்தை மாற்றிவிட்டுப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் இதைத்தான் கேட்பார். அதோடு, படத்தின் மேலே தெரிவது நீங்கள் சேமித்து வைத்த பெயர். யார் எண்ணுக்கும் யார் பெயரையும் போடலாமே!

அதனால் போனிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்யுங்கள். அவர் பெயரைத் தொட்டு, எண் முழுதாகத் தெரியும்படி காட்டிவிட்டு, கடன் பேச்சு தொடங்கிய இடத்திலிருந்து நிறுத்தாமல் கீழே வாருங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத வரிகளையும் விட்டுவிடாதீர்கள். கோப்பை வெட்டவோ பெயர் மாற்றி மாற்றிச் சேமிக்கவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் எனக்கே படமாக அனுப்பிவிடும் கட்சிக்காரர்கள் உண்டு. வழியில் கோப்பு சுருங்கி, அதன் ஹாஷ் மதிப்பே, அதாவது கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் கைரேகை போன்ற குறியீடே, மாறிவிடும். பென் டிரைவில் அப்படியே கொடுங்கள்.

ஹாஷ் எதற்கு என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம், பிரிவு 63-இன்படி மின்னணு நகலோடு சான்றிதழ் தரவேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் வந்தது இது. படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். மூலக் கருவியையே (இங்கே உங்கள் போன்) அதன் சொந்தக்காரர் சாட்சிக்கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் சொன்னது. இருந்தாலும் போன், சான்றிதழ் இரண்டையும் தயாராக வையுங்கள்.

வங்கி வழியாகப் போன 2 லட்சத்துக்குக் கணக்கு அறிக்கை பேசும். ரொக்கம் 1 லட்சத்துக்கு அந்த "மூணும்" என்ற சொல்தான் ஆதாரம்.

காலவரம்பு, பணம் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம். தீபாவளி வாக்குறுதியை நம்பி நாளைக் கடத்தாமல் இந்த மாதமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸில் போட்டு அவரை அவமானப்படுத்தும் ஆசை வரும், சரி. ஆனால் அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட நீங்களே வழி செய்ததாகிவிடும்.

நோட்டீஸுக்கு வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். "வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று அவர் எழுதிவிட்டால், கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.