அறுவடைக்கு முந்தைய மாதம்

வணக்கம் ஐயா,

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அப்பாவின் மளிகைக் கடை கடனில் போனது. மூன்று வருடம், வட்டிக்காரர் வரும் தேதிகளை வைத்துத்தான் வீட்டில் மாதத்தையே எண்ணினோம். 7, 12, 20. இன்றைக்கும் மறக்கவில்லை. தங்கை அப்போது எத்தனாவது படித்தாள் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. ஆனாலும் அந்தக் கஷ்டம்தான் என்னை மனிதனாக்கியது.

என் மகனுக்கு 16 வயது. ஃபோனில் கீறல் விழுந்ததற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு வருடம் கைச்செலவுப் பணத்தை நிறுத்திவிட்டு, விடுமுறையில் தெரிந்தவர் பட்டறையில் வேலைக்கு விடலாமா என்று பார்க்கிறேன். கஷ்டப்பட்டவர்களுக்குத்தானே வாழ்க்கையைப் பற்றித் தெளிவான பார்வை வருகிறது? ஜப்பான்கூடப் போரில் அழிந்த பிறகுதானே நிமிர்ந்தது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

ஜப்பானை விட்டுவிடுவோம். நாடு நிமிர்வதும் பிள்ளை வளர்வதும் வேறு வேறு கணக்கு. ஃபோன் கீறலுக்குப் பட்டினி கிடந்ததையும் விடுங்கள். 16 வயதில் கோபம் அப்படித்தான் வரும், போய்விடும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தேதிகள். 7, 12, 20. அதற்கு அடுத்த வரியில் தங்கை. அந்த இரண்டு வரியையும் எழுதிய கையே ‘அந்தக் கஷ்டம்தான் என்னை மனிதனாக்கியது’ என்றும் எழுதுகிறது. நீங்கள் எழுதியதை நீங்களே திரும்பப் படிக்கவில்லை.

கஷ்டம் பார்வையைத் தெளிவாக்குகிறதா என்பதை ஊகித்துப் பேச வேண்டியதில்லை. நம் ஊரிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் செய்த அந்த ஆய்வு 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது.

ஏன் கரும்பு? நெற்பயிரை ஊரே ஒன்றாக அறுக்கும். கரும்பில் ஆலை வெட்டு உத்தரவு கொடுத்தால்தான் அரிவாளை எடுக்க முடியும். ஆலை நாளொன்றுக்கு இவ்வளவுதான் அரைக்கும் என்பதால் வெட்டு பல மாதங்களுக்கு நீளும். ஒரே வாரத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும். பக்கத்து வயல்காரர் இன்னும் உத்தரவுக்குக் காத்திருப்பார். அதே வெயில், அதே பண்டிகை, அதே ஊர். மாறுவது கையிருப்பு மட்டும். அதைவிட முக்கியம், ஒரே ஆளையே வெட்டுக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் பார்த்தார்கள்.

வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகில் வைத்திருந்தார்கள்; பின் 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் முன் 99 சதவீதம், பின் 13.

கொடுத்த சோதனைகள் படிப்பைப் பொறுத்தவை அல்ல. ஒன்றில் கட்டம் கட்டமான கோலம் போன்ற ஒரு படம், அதில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கும். பொருந்துகிற துண்டைக் காட்ட வேண்டும். இன்னொன்றில் 5 5 5 என்று எழுதியிருக்கும். எத்தனை எண்கள் என்று கேட்பார்கள். ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வாயில் ‘ஐந்து’ என்றுதான் வரும், அதை அடக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். செய்து பாருங்கள், வேகமாகச் சொல்ல முடியாது.

படச் சோதனையில் வெட்டுக்கு முன் சராசரியாகச் சரியாகச் சொன்னது 4.35. வெட்டுக்குப் பின் 5.45. எண் சோதனையை முடிக்க முன் 146 விநாடி, பின் 131. தவறுகளும் முன்னால்தான் அதிகம். இரண்டாம் முறை பழகிப்போயிருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகவே 100 பேரை முன்னால் சோதிக்காமல் ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பிறகு முதன்முறையாகச் சோதித்து ஒப்பிட்டார்கள்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதேபோல் சோதித்த ஓர் ஆய்வில் (2016) இப்படி வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வாரச் சம்பளத்துக்குக் காத்திருப்பதும் வருடத்துக்கு ஒரு முறை வரும் கரும்புப் பணத்துக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பது என் கட்சி.

கரும்புக்காரரின் ஒரு வருடத்தைப் பாருங்கள். ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை (இரண்டு முளை உள்ள விதைத் துண்டு), நடவுக் கூலி, களை, மண் அணைப்பு எல்லாம் முன்பணம். 50,000 ரூபாய்க்கு நகையை வைத்து நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 1,000. வெட்டு உத்தரவு இரண்டு மாதம் தள்ளினால் இன்னொரு 2,000. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைக்காவிட்டால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். வண்டி ஆலை வாசலில் நின்றால் அந்தக் கவலை வேறு. கரும்பு இறக்கிய 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நிலுவைக்காக விவசாயிகள் மறியலில் உட்காருவதும் நடக்கிறது.

இந்த மனிதர் மேலுரத்தை 30, 60, 90-ஆம் நாள் போட வேண்டும். அவருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் 90-ஆம் நாளில் மனம் அடகுக்கடை ரசீதில் இருக்கிறது. யூரியா 150-ஆம் நாள் போகிறது. தாமதமாகக் கிடைத்த தழைச்சத்தில் பயிர் பச்சென்று நிற்கும், புதுத் தூர் கிளம்பும், பார்க்க அழகாக இருக்கும். சாற்றில் சர்க்கரை கட்டாது. ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்க வேண்டும். உரிக்காமல் விட்டால் இடைக்கணுப் புழு ஏறும். அதுவும் தெரியும். கூலிக்குச் சொல்ல வேண்டிய நாளில் கடன்காரர் வந்து உட்கார்ந்திருப்பார். ஊர் என்ன சொல்லும்? ‘ஆளுக்கு விவரம் போதாது’ என்று சொல்லும். விவரம் இருந்தது ஐயா. அதை எடுத்துப் பார்க்க மனதில் இடம் இல்லை.

அதே மனிதர் நகையைத் திருப்பிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து, ‘கஷ்டம் எனக்கு நிறையக் கற்றுக் கொடுத்தது’ என்கிறார். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கற்றுக்கொண்டது திண்ணையில். வட்டி கட்டி முடித்த பிறகு, கொஞ்சம் நேரம் கிடைத்து, நடந்ததை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது கிடைத்த தெளிவு அது. அதைக் கஷ்டத்தின் கணக்கில் வரவு வைக்கிறோம். மீளாதவர்களுக்குத் திண்ணையே வாய்ப்பதில்லை. அவர்கள் என்ன கற்றார்கள் என்று நாம் கேட்பதும் இல்லை.

உங்கள் பக்கமும் ஒரு சான்று உண்டு, மறைக்க மாட்டேன். மார்க் சீரியும் மற்றவர்களும் 2010-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், துன்பமே அறியாதவர்களைவிடக் கொஞ்சம் பட்டவர்கள் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். ஆனால் நிறையப் பட்டவர்கள் கொஞ்சம் பட்டவர்களைவிடக் கீழே போனார்கள். நீங்கள் மகனுக்கு அளந்து கொடுக்கப் போகும் ஒரு வருடம் எந்தப் பக்கம் விழும் என்று யார் சொல்ல முடியும்? அதிலும், வசதி இருக்கும்போதே அப்பா வேண்டுமென்று நிறுத்தினார் என்று அவனுக்குத் தெரியும். உங்கள் அப்பா உங்களுக்குச் செய்தது அதுவல்ல. அவர் முடிந்தவரை மறைத்திருப்பார். இதை எப்படி மறந்தீர்கள்?

பணத்தின் அருமை தெரியட்டும் என்றால் பணத்தைப் பிடுங்காதீர்கள், கொடுங்கள். வீட்டு மின்கட்டணத்தை இரண்டு சுற்றுக்கு, அதாவது நான்கு மாதத்துக்கு, அவன் பொறுப்பில் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்து எழுதட்டும். முதல் சில யூனிட்டுகள் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறும் என்பதை அவனே கட்டண அட்டவணையில் கண்டுபிடிக்கட்டும். மிச்சம் பிடித்தால் அவனுக்கு, தாண்டினால் நீங்கள் கட்டுங்கள், திட்டாமல். ஏசியை அணைக்கச் சொல்லி அவன் உங்களிடம் சண்டைக்கு வருவான், வரட்டும். பட்டறைக்குப் போக அவனே ஆசைப்பட்டால் போகட்டும், தண்டனையாக வேண்டாம்.

இதற்கெல்லாம் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தங்கைக்கு ஃபோன் போட்டு, கடை கடனில் போன அந்த வருடம் நீ எத்தனாவது படித்தாய் என்று கேளுங்கள். யார் வகுப்பாசிரியர், மதியம் என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கு யாரோடு போனாய் என்று கேளுங்கள். கேட்கும்போது மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.