அலமாரியில் தொங்கும் மஞ்சள் சட்டை

கேள்வி: பத்து வருடமாக எனக்கு உடை என்றால் கருநீல ஜீன்ஸ், கறுப்பு டி-ஷர்ட். கொளுத்தும் வெயிலிலும் அதேதான். இந்தக் கோடைக்குத் துணிந்து மஞ்சள் நிறத்தில் ஸ்லீவ்லெஸ் லினன் சட்டை ஒன்றும், தொளதொளவென்று வெள்ளை பேண்ட் ஒன்றும் வாங்கினேன். நாலு தடவை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். நாலு தடவையும் கழற்றி வைத்துவிட்டேன். யாரோ மாதிரி தெரிகிறேன். எனக்கு இதெல்லாம் ஒத்துவராதா? (வாசகி, வயது 34)

பதில்: "யாரோ மாதிரி தெரிகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நன்றாக இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. பத்து வருடம் ஒரே உருவத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு எது வந்து நின்றாலும் அந்நியமாகத்தான் தெரியும். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அன்று கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிடுகிறோம், மூன்றாம் நாள் அதை மறந்தே போகிறோம், இல்லையா? உங்கள் மஞ்சள் சட்டைக்கு அந்த மூன்றாம் நாள் கிடைக்கவே இல்லை. இரண்டே நிமிடத்தில் கழற்றிவிடுகிறீர்கள்.

இன்னொன்று, நீங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் பார்த்திருக்கிறீர்கள். நிறம் புதுசு, கை இல்லாதது புதுசு, பேண்ட்டின் அகலம் புதுசு, வெள்ளையும் புதுசு. இத்தனையும் சேர்ந்து வந்தால் யாருக்கும் கால் பின்வாங்கும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மஞ்சள் சட்டையை அதே பழைய ஜீன்ஸோடு போடுங்கள், இன்னொரு நாள் அந்த வெள்ளை பேண்ட்டைக் கறுப்பு டி-ஷர்ட்டோடு போடுங்கள். பாதி உடை உங்களுக்குத் தெரிந்தது என்றால் மீதிப் பாதியைக் கண் ஏற்றுக்கொண்டுவிடும். கை தெரிவதுதான் கூச்சம் என்றால், மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றைப் பட்டன் போடாமல் மேலே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எப்போது கழற்றலாம் என்று தோன்றுகிறதோ அப்போது கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

நான் முதன்முதலில் ஸ்லீவ்லெஸ் போட்டுக்கொண்டு வெளியே போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலை முழுக்க இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டே நடந்தேன், தோளில் தொங்கிய பையைக்கூடச் சரிசெய்யவில்லை. மத்தியானம் உயரத்தில் இருந்த ஒரு பெட்டியை எடுக்க வேண்டியிருந்தது. எட்டி எடுத்துக் கீழே வைத்தபிறகுதான் கையைத் தூக்கியிருக்கிறோம் என்றே உறைத்தது. அதுவரை நான் கவனித்ததெல்லாம் அக்குள் வழியாகச் சில்லென்று காற்று போனதை மட்டும்தான். அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது கைகள் தாமாக வீசி நடந்தன.

அதனால் முதலில் அந்தச் சட்டையை வீட்டில் இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கண்ணாடி வேண்டாம். குனியுங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், துணி காயப்போடுங்கள். கூச்சத்தில் இரண்டு வகை உண்டு, ஒன்று துணியால் வருவது, இன்னொன்று பார்வையால் வருவது. குனியும்போது கைக்குழி திறந்துகொண்டு உள்ளாடை தெரிகிறது என்றால் அது துணியின் குறை, தையல்காரர் அரை அங்குலம் பிடித்துத் தைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. வெள்ளை பேண்ட்டுக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உள்ளே வெள்ளை போடாதீர்கள், உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிறமாகப் போடுங்கள், வெளியே தெரியாது. துணியில் குறை எதுவும் இல்லை, ஆனாலும் கூசுகிறது என்றால் அது பார்வை சம்பந்தப்பட்டது. அது நாலைந்து தடவை போட்டால் மட்டுமே போகும், வேறு மருந்து இல்லை. முதல் பயணம் அரை மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஜீன்ஸ் தைக்கிற வழக்கமான 12 அவுன்ஸ் டெனிம் துணி என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம். கோடைக்கான மெல்லிய லினன் பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே. அத்தனை கனத்தை வியர்வையோடு சேர்த்துக் காலில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். பழகிவிட்டதால் அதுவே சௌகரியம் என்று நினைக்கிறீர்கள், ஒரு தடவை அகலமான பேண்ட்டுக்குள் காற்று ஏறி இறங்குவதை அனுபவித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, கால் ஒல்லி. ஷார்ட்ஸ் போட்டு வெளியே போக ஆசை, ஆனால் தயக்கம்.

பதில்: தாராளமாகப் போடுங்கள் சார். முழங்காலுக்குச் சற்று மேலே முடிகிற நீளமாக எடுங்கள். ஷார்ட்ஸின் கால் பகுதி அகலமாக இருந்தால் ஒல்லிக் கால் இன்னும் ஒல்லியாகத் தெரியும், அதனால் ஓரளவு ஒட்டிய வெட்டு உங்களுக்கு நல்லது. கொஞ்சம் விறைப்பான பருத்தியாக இருக்கட்டும், மேலே காலர் வைத்த சட்டை போடுங்கள், பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். கனமான போனைப் பக்கப் பையில் போடாதீர்கள், ஒரு பக்கமாக இழுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வெயில் படாத கால் சீக்கிரம் கருகும், சன்ஸ்க்ரீன் தடவ மறக்க வேண்டாம்.

கேள்வி: கறுப்பைக் கைவிட எனக்கு மனசில்லை. வெயிலில் கறுப்பு போடவே கூடாதா?

பதில்: போடலாம், ஆனால் தொளதொளவென்று போடுங்கள். சினாய் பாலைவனத்து பெடூயின் மக்கள் அந்த வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்குகிறது, ஆனால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டுவதற்குள் வெளியேறிவிடுகிறது, உடலுக்கு வந்து சேரும் வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான் என்று கண்டார்கள். அங்கி உடம்பில் ஒட்டாமல், உள்ளே காற்று ஓட இடம் இருப்பதால் நடப்பது அது. உடம்போடு ஒட்டிய கறுப்பு டி-ஷர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. எனவே நிறத்தை வைத்துக்கொண்டு வெட்டை மாற்றுங்கள், இதுவும் பழக்கத்தை விட்டு வெளியே வருவதுதான்.

துணி லேபிளையும் பாருங்கள். வழக்கமான ஈரப்பதத்தில் லினன் தன் எடையில் சுமார் 12 சதவீதமும், பருத்தி 8.5 சதவீதமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாலியெஸ்டருக்கு அது வெறும் 0.4. மலிவாகவும் பளபளப்பாகவும் இருக்கிறதே என்று எடுத்த சட்டை முதுகில் பசை மாதிரி ஒட்டுவது இதனால்தான்.

கேள்வி: லினன் பிடித்திருக்கிறது, ஆனால் உட்கார்ந்து எழுந்தால் கசங்கிப்போகிறது. அலட்சியமாக உடுத்தியதுபோல் இருக்காதா?

பதில்: லினன் நாருக்கு மீள்தன்மை மிகவும் குறைவு, மடங்கிய இடத்தில் மடங்கியபடி நிற்கும். அது அதன் சுபாவம், நல்ல லினனும் கசங்கத்தான் செய்யும். லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டு, காலரும் தோள்பட்டையும் மட்டும் படிய வைத்துவிட்டால் மடியில் விழும் சுருக்கம் கண்ணை உறுத்தாது. அதுவும் முடியாது என்றால் சீர்சக்கர் துணியைத் தேடிப் பாருங்கள். நெய்யும்போதே வரிவரியாகச் சுருக்கி விடுகிறார்கள், அந்த மேடு பள்ளத்தால் துணி தோலில் முழுக்கப் படியாது. அதற்கு இஸ்திரியே தேவையில்லை.