ஒரு கிலோ ஏத்துறதுக்கும் ஒரு கணக்கிருக்கு: கேள்வி பதில்

ஜிம்ல தூக்கிற வெயிட் ஏறுதில்ல எண்டுதான் இந்தமுறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீங்க.

அண்ணா, டெட்லிஃப்ட் (நிலத்தில இருந்து தூக்கிறது) 100 கிலோ தாண்டீட்டுது, ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல தள்ளுறது) மட்டும் 30லயே நிக்குது. 32.5 போட்டா மூண்டு ரெப்போட, மூண்டு தரம் தள்ளினதோட, கை நிண்டுடுது. ஏன்? (வெள்ளவத்தை)

தம்பி, ரெண்டுக்கும் நீங்க ஏத்துறது அதே 2.5 கிலோதான், ஆனா 100க்கு அது 2.5 வீதம், 30க்கு எட்டு வீதத்துக்கும் மேல. காலும் இடுப்பும் முதுகும் சேர்ந்து தூக்கிறதும் தோள் தள்ளுறதும் ஒண்டில்லத்தானே. அமெரிக்கன் காலேஜ் ஒஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009ல சொன்ன கணக்கு என்னண்டா, குறிச்ச ரெப்ப விட ஒண்டு ரெண்டு கூட வரத் தொடங்கினாப் பிறகு 2 முதல் 10 வீதம் ஏத்தலாம், அதிலயும் சின்னத் தசைக்குக் குறையத்தான் ஏத்தோணும். பக்கத்துக்கு அரைக் கிலோப் பிளேட் (பார்ல, அதாவது தூக்கிற கம்பியில, மாட்டுற வட்டு) கிடைச்சா 31 போடுங்கோ. கிடைக்காட்டி 30லயே நிண்டு, மூண்டு செட்டும் அஞ்சஞ்சா செய்யிறதை ஆறு ஏழு எண்டு எட்டு வரைக்கும் கொண்டு வாங்கோ, கடைசி செட்லயும் எட்டு சுத்தமா வந்தா 32.5ஐ அஞ்சு தரம் தள்ளலாம். முதுகை வளைச்சுத் தள்ளினதை ரெப்பா எண்ணாதேங்கோ.

ஒரு கிலோவுக்கெல்லாம் மினக்கெடோணுமா? ஜிம்ல சிரிக்கிறாங்கள்.

சிரிக்கட்டும். பளுதூக்கல் போட்டியிலயே 2005 வரைக்கும் 2.5 கிலோவாத்தான் ஏத்தினவை, பிறகுதான் 1 கிலோவாக்கினது. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில எங்கட டிலங்க இசுரு குமார மொத்தம் 225 கிலோவோட வெண்கலம் எடுத்தாரே, அந்த 55 கிலோப் பிரிவில தங்கம் 249, வெள்ளி 248.

எங்கட ஜிம்ல 1.25க்குக் கீழ பிளேட் இல்ல. என்ன செய்யலாம்? (கொட்டாஞ்சேனை)

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடையள்லயோ பஞ்சிகாவத்தைப் பக்கமோ பெரிய இரும்பு வொஷர் கேட்டுப் பாருங்கோ. ஒலிம்பிக் பார் முனை 50 மில்லிமீட்டர், ஓட்டை அதை விடக் கொஞ்சம் பெருசா இருக்கோணும், அதால பழைய பிளேட் ஒண்டின்ர ஓட்டையை டேப்பால அளந்துகொண்டு போங்கோ. வாங்கினதை வீட்டுத் தராசில நிறுத்து, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நிறை வாற மாதிரிச் சோடி சேர்த்து, ஒவ்வொண்டிலயும் மார்க்கரால நிறையை எழுதி வையுங்கோ. போடேக்க பிளேட்டுக்கு வெளியால போட்டு, அதுக்கு மேல கிளிப் இறுக்கோணும், கிளிப் இல்லாமப் போடவே வேண்டாம். தண்ணிப் போத்தல் கட்டித் தொங்கவிடுறவையும் இருக்கினம், அது ஆடும், பாரையும் இழுக்கும், நான் விடமாட்டன்.

வீட்டில 5 கிலோவும் 7.5 கிலோவும் டம்பெல் இருக்கு. 5 லேசு, 7.5 முடியாது.

தங்கச்சி, அது ஒரேயடியா 50 வீதப் பாய்ச்சல், முடியாதது உங்கட குறையில்ல. 5ஐ வைச்சு ரெப்ப 15 வரைக்கும் கூட்டுங்கோ, இறக்கேக்க மூண்டு செக்கன் எடுத்து இறக்குங்கோ. பிறகு முதல் செட் மட்டும் 7.5ல, நாலு ரெப் வந்தாலும் போதும், மிச்சம் 5ல. அரைக் கிலோ மணிக்கட்டு வெயிட் கிடைச்சா அதைக் கட்டிக்கொண்டு 5ஐத் தூக்கினா 5.5 ஆயிடும்.

நோன்பு மாசத்தில ஏத்தலாமா? (தெமட்டகொட)

ஏத்த வேண்டாம். பாரத்தை அப்பிடியே வைச்சுக்கொண்டு செட்டக் குறையுங்கோ, நோன்பு திறந்து தண்ணி சாப்பாடு போனாப் பிறகு செய்யுங்கோ. பெருநாள் முடிஞ்சு முதல் கிழமையும் அதே பாரம்தான், பிறகு ஏத்தலாம்.

அப்பாக்கு 61, பிரஷர் இருக்கு, இப்பதான் தொடங்கினவர். எவ்வளவு கெதியா ஏத்தலாம்?

முதல்ல டொக்டரிட்டக் கேளுங்கோ, பிரஷர் கட்டுப்பாட்டில இல்லாட்டித் தொடவே வேண்டாம். டொக்டர் சரி சொன்னா, மூச்சை அடக்கித் தூக்க விடாதேங்கோ, அடக்கினா பிரஷர் சட்டெண்டு ஏறும், தள்ளேக்க மூச்சு வெளிய வரோணும். தசை கெதியாப் பழகும், தசைநார் மெதுவாத்தான் பழகும், அதால அப்பாக்கு லேசா இருக்கெண்டாலும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அரைக் கிலோ, ஒரு கிலோ காணும். அடுத்த நாள் மூட்டு நோகுதெண்டு சொன்னா பழைய பாரத்துக்கே இறக்கிவிடுங்கோ.