முதியவருக்கு உணவுக்குழாய் கிழிந்தால்: மலைவாசகர்களின் கேள்விகள்

அப்பாவுக்கு 74 வயது. பலமாக வாந்தி எடுத்ததும் நெஞ்சுவலி வந்தது. ஈ.சி.ஜி. சரியாக இருந்ததால் வாயு என்று நினைத்து சோடா கொடுத்துவிட்டோம். மறுநாள்தான் உணவுக்குழாய் கிழிந்தது தெரிந்தது. தவறு எங்களுடையதா?
— குன்னூர் வாசகி

இல்லை அம்மா. மருத்துவர்களுக்கே பிடிபடாமல் போகும் நோய் இது. ஓங்கரிக்கும்போது ஏறும் அழுத்தத்தில் குழாயின் அடிப்பகுதி, பெரும்பாலும் இடப்பக்கம், கிழிகிறது. 1724-இல் இதை விவரித்த நெதர்லாந்து மருத்துவர் போயர்ஹாவேயின் பெயராலேயே அழைக்கிறோம். முதியவர்களிடம் வலியும் காய்ச்சலும் மந்தமாகத்தான் தெரியும். வாந்திக்குப் பின் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தொட்டால் கழுத்துத் தோலுக்கடியில் நறநறப்பு என்றால் 108-ஐ அழையுங்கள். ஒரு வாய் தண்ணீரும் வேண்டாம். குடிப்பது நெஞ்சுக்கூட்டுக்குள் கசியும்.

அம்மாவுக்கு 79. இந்த வயதில் ஆபரேஷனா என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள்.
— கோத்தகிரி வாசகர்

வயதை மட்டும் காட்டி மறுக்காதீர்கள். கிழிந்து எத்தனை மணி நேரமாயிற்று, சீழ் பரவிவிட்டதா, இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்குமா என்றுதான் நான் பார்ப்பேன். 24 மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் நேரடியாகத் தைக்கலாம். நைந்த சதையை நீக்கி, உள்படலத்தையும் தசையையும் இரண்டு அடுக்காகத் தைத்து, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையை அதன்மேல் பொருத்துவோம். நெஞ்சுக்கூட்டைக் கழுவி, கசிவு வெளியேற டிரெயின் குழாய்களும் வைப்போம். தாமதமானால் வீங்கிய திசுவில் தையல் நிற்காது. கசிவை வெளியேற்றவும் விழுங்கும் எச்சிலைக் கழுத்தில் துளையிட்டு வெளியே திருப்பவும் நேரலாம். முதியவருக்கு அது இன்னும் கடினமான பாதை. அதனால் பனி விலகட்டும், விடியட்டும் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பயம். உள்ளூர் மருத்துவமனையிலேயே ஆன்டிபயாடிக், டிரிப்ஸ் தொடங்கச் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன், நெஞ்சு அறுவை நிபுணர், ஐ.சி.யூ. மூன்றும் இருக்கிறதா என்று கோவைக்குப் போன் செய்து கேட்டுவிட்டே மலையிறங்குங்கள்.

தாத்தாவுக்கு எண்டோஸ்கோப்பியில் ஓட்டை விழுந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?
— கூடலூர் வாசகர்

நம்பலாம். உணவுக்குழாய் ஓட்டைகளில் பெரும்பாலானவை சிகிச்சைக் கருவிகளால் நேர்பவைதான். உடனே தெரிந்த சிறிய ஓட்டை, கசிவு பரவவில்லை, ரத்த அழுத்தமும் சீராக இருக்கிறது என்றால் ஓட்டையைக் கவ்வி மூடும் கிளிப்போ, உள்ளிருந்து அடைக்கும் ஸ்டென்ட் குழாயோ வைத்து, வாய்வழி உணவை நிறுத்தி ஆற்றலாம். ஸ்டென்ட் நகரக்கூடும் என்பதால் மீண்டும் மீண்டும் எக்ஸ்ரே எடுப்பார்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் அறுவைக்கு மாறத் தயங்கக் கூடாது.

தையல் போட்டு நான்கு நாள் ஆகிறது. டீ கேட்கிறார், கொடுக்கலாமா?
— ஊட்டி வாசகி

இப்போது வேண்டாம். வயிற்றுவழிக் குழாயில் போகும் திரவ உணவே போதும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை விழுங்கவைத்துப் படமெடுத்து, கசிவு இல்லையென்றால் தண்ணீர். அப்புறம் கஞ்சி, குழைந்த சாதம். அப்போது டீயையும் ஆறவைத்துக் கொடுங்கள்.