அம்மாவுக்கு ராத்திரியில் கை மரத்துப்போகிறது, கார்பல் டனல் என்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார், வயது 48, ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து எழுந்து உதறிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், தைலம் தேய்த்தும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உதறினால் கொஞ்சம் தெளிகிறது என்பது இந்த நோயின் முக்கியமான அடையாளம். இருந்தாலும் எந்தெந்த விரல் என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி என்றால் கார்பல் டனல்தான் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் மட்டும் மரத்துப்போனால் முழங்கையில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் கீழே சொல்வது பொருந்தாது.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழி இருக்கிறது, அதுதான் கார்பல் டனல். அடியில் எலும்பு, மேலே கெட்டியான பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. கையை உள்ளே மடக்கினாலும் பின்னால் வளைத்தாலும் உள்ளே அழுத்தம் ஏறும், நரம்பு நசுங்கும். தைலம் தோலைச் சூடாக்கும், இந்த அழுத்தத்தைத் தொடாது. மணிக்கட்டை அழுத்தி நீவி விடுவது இன்னும் மோசம்.

மலைக்குளிரில் முடங்கிப் படுத்து, கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியிலோ தொடையிடுக்கிலோ வைத்துத் தூங்குவது எல்லோருக்கும் பழக்கம். மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் நரம்பு என்ன செய்யும்? அதனால் வீட்டு வைத்தியத்தில் முக்கால்வாசி ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைப்பதுதான்.

மெடிக்கலில் 'மணிக்கட்டு பெல்ட்' என்று கேட்டால் கட்டைவிரலில் மாட்டுகிற எலாஸ்டிக் துணியை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேண்டாம். அது கையை மடங்காமல் பிடிக்காது, இறுக்கினால் அதுவே அழுத்தும். மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கிற காக்-அப் ஸ்பிளின்ட் என்று கேளுங்கள், வலது இடது பார்த்து வாங்குங்கள். உள்ளங்கைப் பக்கம் ஒரு உறைக்குள் அலுமினியப் பட்டை இருக்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அந்தப் பட்டை பெரும்பாலும் கையைப் பின்னால் 20, 30 டிகிரி வளைக்கும்படிதான் வரும். அப்படியே கட்டினால் பாதிப் பலன்கூட இருக்காது. பட்டையை உருவி, மேசை மேல் வைத்து அழுத்தி நேராக்கி, திரும்பச் செருகுங்கள். கட்டிய பிறகு பக்கவாட்டில் பாருங்கள்: முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரல்களுக்கு அடியில் குறுக்கே ஓடும் உள்ளங்கை ரேகைக்குக் கீழேயே ஸ்பிளின்ட் முடிந்துவிட வேண்டும், விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். வெல்க்ரோவுக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற இறுக்கம் போதும். விரல் நீலம் பாய்ந்தாலோ வீங்கினாலோ தளர்த்துங்கள்.

தோல் உரசாமல் இருக்க, பழைய காட்டன் சாக்ஸின் நுனியை வெட்டி, கட்டைவிரலுக்கு ஒரு ஓட்டை போட்டு உள்ளே மாட்டலாம். மார்கழி, தையில் ஸ்பிளின்ட்டின் மேல் பெரிய கம்பளி சாக்ஸ் ஒன்றை இழுத்துவிட்டால் குளிருக்குக் கழற்றிப் போடத் தோன்றாது. மணிக்கட்டைப் பிடிக்கிற ஸ்வெட்டர் எலாஸ்டிக்கை மடித்து மேலே ஏற்றிவிடுங்கள், வளையலைக் கழற்றிவிடுங்கள். தினமும் ராத்திரி, குறைந்தது ஆறு வாரம். நாலு நாள் கட்டிவிட்டு 'ஒண்ணும் கேக்கலை' என்று மூலையில் எறிபவர்கள்தான் அதிகம். இன்றைக்கே வாங்க முடியாவிட்டால், துண்டை நீளவாக்கில் மடித்து உள்ளங்கையிலிருந்து முன்கை பாதிவரை சுற்றி, மேலே கிரேப் பேண்டேஜைத் தளர்வாகச் சுற்றுங்கள். இரண்டொரு நாளுக்குத் தாங்கும்.

பகலில் ஸ்பிளின்ட் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க வேண்டாம். மணிக்கட்டு அசையாதபோது விரலும் தோளும் கூடுதலாக இழுக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டியும் நுள்ளிக்கொண்டே இருப்பதுதான் இந்த வேலையின் சிக்கல். எட்டிப் பறித்தால் மணிக்கட்டு வளையும், செடியை ஒட்டி நின்று பறித்தால் முழங்கை மடங்கி மணிக்கட்டு நேராக நிற்கும். கத்தரி பிடிப்பவர் என்றால் வாயைத் தீட்டி வையுங்கள், மொட்டைக் கத்தரிக்குப் பிடியில் கூடுதல் பலம் போகும். கொழுந்து வெட்டுகிற மோட்டார் மெஷினின் அதிர்வு இந்த நரம்புக்கு ஆகாது, கொஞ்ச நாளைக்கு அதை வேறொருவர் பிடிக்கட்டும். களைக்கொத்தின் பிடி மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்குங்கள். மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையைத் தொங்கவிட்டு விரலை விரிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி ஒன்று போதும். விரல்களை நேராக நீட்டி, பிறகு நுனி இரண்டு கணுவை மட்டும் கொக்கி போல மடக்கி, பிறகு முழு முஷ்டி, மறுபடி நேர். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து வினாடி, ஒரு வேளைக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முஷ்டியை இறுக்க வேண்டாம். பயிற்சிக்குப் பிறகு மரப்பு கூடினால் நிறுத்திவிடுங்கள். ரப்பர் பந்தை அமுக்குவது பலம் தரும் என்பார்கள், இங்கே அது அழுத்தத்தைத்தான் ஏற்றும்.

மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. அடுப்பில் கை காய்வதும், வெந்நீரில் கை விடுவதும் கொப்புளத்தில் முடியும். தண்ணீரை மறு கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையால் இதில் பெரிய பலன் கிடையாது. நரம்புக்கு என்று வைட்டமின் பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

சர்க்கரையும் தைராய்டும் பார்த்தீர்களா? இரண்டும் இந்த நோயைக் கொண்டுவரும். அவை கட்டுக்குள் இல்லாமல் ஸ்பிளின்ட் மட்டும் போதாது.

ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் டாக்டரிடம் மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேளுங்கள். சில வாரங்கள், சில மாதங்கள் நிம்மதி கிடைக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ஆனால் பகலிலும் மரப்பு விடவில்லை, ரவிக்கை ஹூக் மாட்ட முடியவில்லை, டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரல் அடிச்சதை மறு கையைவிடத் தட்டையாகிவிட்டது என்றால் வீட்டு வைத்தியத்தை நீட்டாதீர்கள். நரம்புச் சோதனை செய்து, அந்தக் குறுகிய வழியின் மேல் பட்டையை வெட்டிவிடும் ஆபரேஷனுக்குப் போக வேண்டியதுதான். மரப்பு ஊசி போட்டுச் செய்வது, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், தையல் பிரிக்க இரண்டு வாரம், கொழுந்து பறிக்கத் திரும்ப ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சதை குறையாமல் இருந்தால் கொழுந்து குறைவாக வரும் உறைபனிக் காலத்தில் வைத்துக்கொள்ளலாம். சதை குறையத் தொடங்கியிருந்தால் சீசனைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.