மெக்சிகோவில் மரியாதைக் கட்டளை: ‘உஸ்தெத்’ பேசுவது எப்படி?

தம்பி, குவாதலஹாராவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன், ஸ்பானிஷைச் செயலியில் ‘தூ’ (நீ) போட்டுத்தான் படித்தேன், ஆனால் இங்கே அலுவலகங்களிலும் கடைகளிலும் ‘உஸ்தெத்’ (நீங்கள்) போட்டு வேறு மாதிரிச் சொல்கிறார்களே, மரியாதையாக ‘செய்யுங்கள்’ என்பதை எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, இங்கே முதல் மாதமே தேவைப்படும் இலக்கணம் இது.

விதி சின்னது. ‘நான்’ என்பதற்கு நிகழ்காலத்தில் வரும் வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓ’வை நீக்கிவிடுங்கள். அகராதியில் ‘ஆர்’ என்று முடியும் வினையானால் அங்கே ‘ஏ’ போடுங்கள், ‘எர்’ அல்லது ‘இர்’ என்று முடியும் வினையானால் ‘ஆ’ போடுங்கள். பேசுகிறேன் ஆப்லோ, பேசுங்கள் ஆப்லே. சாப்பிடுகிறேன் கோமோ, சாப்பிடுங்கள் கோமா. எழுதுகிறேன் எஸ்க்ரீபோ, எழுதுங்கள் எஸ்க்ரீபா. அகராதி வடிவத்திலிருந்து தொடங்காதீர்கள், ‘நான்’ வடிவத்திலிருந்தே தொடங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் ஒழுங்கில்லாத வினைகளின் கோணல் முழுக்க அந்த வடிவத்தில்தான் இருக்கிறது, அது அப்படியே கட்டளைக்கும் வந்துவிடும்: தெங்கோ தெங்கா ஆகும், தீகோ தீகா ஆகும், ஆகோ ஆகா ஆகும், பொங்கோ பொங்கா ஆகும். ‘நான்’ வடிவம் ‘ஓ’வில் முடியாதவற்றைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும், அன்றாடம் வேண்டியவை ஐந்துதான்: பாயா (போங்கள்), ஸேயா (இருங்கள், குணத்தைச் சொல்ல), எஸ்தே (இருங்கள், நிலையைச் சொல்ல), தே (கொடுங்கள்), ஸேப்பா (தெரிந்துகொள்ளுங்கள்). பல பேரிடம் சொல்வதானால் கடைசியில் ‘ன்’ சேருங்கள், ஆப்லென், கோமான். ஸ்பெயினில் நண்பர் கூட்டத்துக்கு வேறு வடிவம் உண்டு, மெக்சிகோவில் எல்லாருக்கும் இதுவே, அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

‘எனக்கு’, ‘அதை’ போன்ற சிறு சொற்கள் வந்தால், செய்யச் சொல்லும்போது வினையின் வாலில் ஒட்டும், வேண்டாம் என்னும்போது வினைக்கு முன்னால் தனியாக நிற்கும். தீகாமே என்றால் எனக்குச் சொல்லுங்கள், நோ மே தீகா என்றால் சொல்லாதீர்கள். சியென்தெஸே, உட்காருங்கள். நோ ஸே ப்ரெயோகூபே, கவலைப்படாதீர்கள். வால் நீண்டாலும் அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும், அது நழுவினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

சரி, விதியைவிட முக்கியமான ஒன்று. இந்த வடிவங்களை நீங்கள் சொல்லப்போவது குறைவு, கேட்கப்போவது மிக அதிகம், அதனால் முதலில் காதைப் பழக்குங்கள். வதிவிட விசாவில் வந்திருந்தால், நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கே வரிசையாக இதுதான் வரும்: பாஸே, உள்ளே வாருங்கள், தோமே அஸியென்தோ, உட்காருங்கள், ஃபிர்மே அக்கீ, இங்கே கையெழுத்துப் போடுங்கள், எஸ்பேரே, காத்திருங்கள். கதவில் ஹாலே என்றிருந்தால் இழுக்க வேண்டும், எம்பூஹே என்றிருந்தால் தள்ள வேண்டும். மருத்துவர் ரெஸ்பீரே ப்ரொஃபூந்தோ என்பார், ஆழமாக மூச்சு இழுங்கள் என்று. சந்தையில் பாஸெலே, யேபெலோ, ப்ருவேபெலோ என்று கூவிக்கொண்டே இருப்பார்கள்: வாருங்கள், எடுத்துக்கொண்டு போங்கள், ருசி பாருங்கள். பாஸெலேயில் வரும் ‘லே’ மெக்சிகோ பேச்சுக்கே உரியது, அதற்குத் தனியாகப் பொருள் தேடாதீர்கள்.

நீங்கள் கேட்கும் இடத்தில் கட்டளையை நேராகப் போட வேண்டாம். ‘தேமே உன் கீலோ’ (ஒரு கிலோ கொடுங்கள்) என்றால் தப்பில்லை, ஆனால் இங்குள்ளவர்கள் ‘மே தா உன் கீலோ, போர் ஃபாவோர்?’ (தயவுசெய்து ஒரு கிலோ தருகிறீர்களா?) என்று கேள்வியாகவே கேட்பார்கள், கேட்கவும் இதமாக இருக்கும். குடியிருப்புக் குழுவில் ஏதாவது எழுத வேண்டி வந்தால் ‘ஃபாவோர் தே’ (தயவுசெய்து) போட்டு அகராதி வடிவத்தை அப்படியே வையுங்கள், வினையை மாற்றவே வேண்டாம், இங்கே அறிவிப்புப் பலகைகளும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

அப்புறம், யாரிடம் உஸ்தெத்? வயதானவர்கள், மருத்துவர், போலீஸ், அதிகாரிகள், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். வாசலில் நிற்கும் காவலாளியிடமும், வீட்டைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவிடமும் உஸ்தெத்திலேயே பேசுங்கள், அவர்கள் உங்களிடம் அப்படிப் பேசும்போது நீங்கள் ‘தூ’ போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையிடத்துச் சகாக்கள் பெரும்பாலும் முதல் நாளே ‘தூ’வுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் ‘ஆப்லாமே தே தூ’ (என்னிடம் ‘தூ’ போட்டே பேசு) என்று அவர்களாகச் சொன்னால் மாறிக்கொள்ளுங்கள், அதுவரை உஸ்தெத்.