சீன மொழி வகுப்பை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34, சென்னை. எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் 5ஆம் நிலை முடித்து, நான்கு வருடமாக ஆன்லைனில் சீன மொழி சொல்லித் தருகிறேன். வெளிநாட்டுத் தளம் ஒன்றிலிருந்து டாலரில் மாதம் சுமார் 40,000 ரூபாய் வருகிறது. நேரடி மாணவர்கள் மூலம் 22,000. வகுப்பு மாலை 5 முதல் 9 வரை. வீட்டுச் செலவில் என் பங்கு 35,000. எஃப்டியில் 4.5 லட்சம் இருக்கிறது. சீனாவிலிருந்து சரக்கு எடுக்கும் பாரிமுனை வியாபாரிகளுக்காக சப்ளையர்களிடம் பேசித் தரும் தொழில் தொடங்க ஆசை. வகுப்பை நிறுத்திவிட்டு, எஃப்டியில் 3 லட்சம் உடைத்து, நகைக்கடன் 2 லட்சம் வாங்கி, ஆபீஸ் போடலாமா?

பதில்: தொழிலைத் தொடங்குங்கள். ஆனால் ஆபீஸ் வேண்டாம், நகைக்கடன் வேண்டவே வேண்டாம், வகுப்பையும் நிறுத்தாதீர்கள்.

சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே காலை 9 முதல் மாலை 6 என்றால், இங்கே காலை 6.30 முதல் பிற்பகல் 3.30. உங்கள் முதல் வகுப்பு தொடங்கும்போது சப்ளையர் கடையைச் சாத்தியிருப்பார். இரண்டும் மோதவே இல்லையே, எதற்கு ஒன்றை விடவேண்டும்?

இந்தத் தொழிலுக்கு சீசன் உண்டு. 2027இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. அதை ஒட்டிச் சில வாரங்கள் தொழிற்சாலைகளில் ஆள் இருக்காது. அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. அந்த நாட்களில் வீட்டுக்குப் பணம் வகுப்பிலிருந்துதான் வரவேண்டும்.

அதற்காகத் தளத்தையே நம்பியிருக்கவும் கூடாது. 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாட டியூஷனை லாபத்துக்கு நடத்தத் தடை போட்டது. வெளிநாட்டிலிருந்து சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பலருக்குச் சில மாதங்களில் வேலை போனது. உங்கள் பாடம் வேறு, ஆனால் ஒரே இடத்திலிருந்து 40,000 வருவது அதே மாதிரி ஆபத்துதான். நேரடி மாணவர்களைக் கூட்டுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். என்னிடம் வந்த பாத்திர வியாபாரி ஒருவர் 304 தர எவர்சில்வர் கேட்டு ஆர்டர் போட்டார், வந்தது 201 என்ற மலிவான தரம். சாம்பிளில் ஒன்று, பெட்டியில் ஒன்று. சண்டை போட அவருக்கு மொழி இல்லை. நீங்கள் விற்கப்போவது இந்தச் சண்டையைத்தான். அதற்கு ஆபீஸ் எதற்கு? நல்ல ஹெட்செட்டும், பேசி முடித்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பும் பழக்கமும் போதும். சப்ளையர்கள் வீசாட்டில்தான் பேசப் பிரியப்படுவார்கள். அந்தச் செயலி 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடையாகிவிட்டது. ஆகவே மின்னஞ்சல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது மாதமே ஒரு வியாபாரி, "பணத்தை உங்க அக்கவுண்ட்ல போட்டுடறேன் மேடம், நீங்களே அனுப்பிடுங்க" என்பார். சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சரக்குப் பணம் அவருடைய வங்கியிலிருந்து, அவருடைய இறக்குமதிக் குறியீட்டு எண்ணில், பில்லோடு போகவேண்டும். உங்கள் கணக்கில் வந்தால், பத்து லட்சம் யாருடையது என்று நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். சரக்கு கெட்டால் சண்டையும் உங்களோடுதான். பேசித் தருவதற்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்குங்கள். சப்ளையரிடம் தனியாகக் கமிஷன் வாங்கினீர்கள் என்று தெரிந்த அன்றே பாரிமுனையில் உங்கள் பெயர் போய்விடும். கமிஷன் வருமானத்துக்கு வரிக் கணக்கும் வேறு மாதிரி.

வரிக்கு இப்போது பயப்பட வேண்டாம். உங்கள் ஆண்டு வருமானம் 7.44 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி வராது, ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆகவேண்டும். டாலர் வந்ததற்கான வங்கிச் சான்றுகளைச் சேர்த்து வையுங்கள். ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம், அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள்.

எஃப்டியில் 2.1 லட்சத்தைத் தொடவே கூடாது. அது ஆறு மாத வீட்டுப் பங்கு. தொழிலுக்கு முதல் வருடம் 60,000 போதும். சீனாவில் குவாங்சோ வணிகக் கண்காட்சிக்குப் போகவேண்டி வந்தால், டிக்கெட் செலவு வியாபாரியுடையது.

ஒரு பிப்ரவரியும் சேர்ந்த ஆறு மாதம் தொடர்ந்து, தொழிலில் மாதம் 40,000 நின்றால் தளத்தை விடுங்கள். நேரடி மாணவர்களை அப்போதும் விடவேண்டாம்.